இரண்டு ஒரகடம்

சென்னைப் புறநகரில் ஒரகடம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று அம்பத்தூரில். மாடி வீடுகள், அடுக்ககங்கள், பள்ளிக்கூடங்கள், மளிகைக் கடைகள் என்று நெருக்கியடித்துக் கிடக்கும் குடியிருப்பு. மற்றது ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே இருக்கும் சிப்காட் ஒரகடம். ரெனோ, நிஸான் கார்களும் பாரத்பென்ஸ் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு பைக்குகளும் அங்கேதான் தயாராகின்றன. முதல் ஒரகடத்திலிருந்து இரண்டாவதற்குச் சாலை வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

விடிவதற்கு முன் பாடி, அம்பத்தூர், ஆவடி சாலைகளில் போய்ப் பாருங்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சோற்றுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைத் தெருமுனைக்குத் தெருமுனை பார்க்கலாம். ஷிப்டு எட்டு மணி நேரம் என்றால் போகவர மூன்று மணி நேரம். அவர்களில் பலருடைய அப்பாக்கள் இதே தெருவிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள். சங்கு ஊதும்போது கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிற தூரத்தில் அவர்களுடைய கம்பெனி இருந்தது.

அந்தச் சைக்கிள் தூரம் எப்படி உண்டானது, எப்படிக் கைநழுவுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நிறுத்தங்களின் பெயர்கள்

பாடியிலிருந்து ஆவடிப் பக்கம் போகும் பேருந்தில் நடத்துநர் சொல்லும் பெயர்களைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். லூகாஸ், பிரிட்டானியா, டன்லப், டி.ஐ. சைக்கிள். எஸ்டேட் என்று எல்லோரும் சொல்லும் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பினால் வாவின். எல்லாம் கம்பெனிப் பெயர்கள். இத்தனைக்கும் பாடியில் பாடல் பெற்ற திருவலிதாயம் கோயில் இருக்கிறது. திருமுல்லைவாயிலில் சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் இருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஊர்களின் அடையாளத்தை, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் வந்த தொழிற்சாலைகள் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டன. சோறு போட்டவர்களின் பெயரை ஜனங்கள் ஊருக்கு வைத்தார்கள்.

இந்தப் பகுதிக்கு ரயில் மிக முன்னாலேயே வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்த வழியாகத்தான். ஆனால் தண்டவாளத்தின் இரு பக்கமும் ஏரிகளும் வயல்களுமாக இருந்த நிலத்தில் ஆலைகள் எழும்ப இன்னும் நூறு ஆண்டுகள் பிடித்தன. 1949-ல் முருகப்பா குழுமம் பிரிட்டன் கூட்டாளியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை அம்பத்தூரில் தொடங்கியது. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். அதே ஆண்டு ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதே இலக்கு என்று தீர்மானம் போட்டிருந்தது.

ஆவடி என்ற பெயருக்கு ஒரு விளக்கம் ஊரில் உலவுகிறது. ராணுவ வண்டிகள் தொடர்பான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்துச் செய்த பெயராம் அது. ஆனால் டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961-ல். மாநாடு நடந்தபோதே ஊர் ஆவடிதான். கனரக வாகனத் தொழிற்சாலை என்று பலகை மாட்டிய அந்த ஆலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பக்கத்திலேயே ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலை வந்தது. பின்னாளில் என்ஜின் தொழிற்சாலையும் வந்தது. இவற்றோடு குடியிருப்புகளும் பள்ளியும் மருத்துவமனையும் மைதானமும் சேர்ந்தே வந்தன. வேலை கொடுப்பவர் வீட்டையும் யோசிக்க வேண்டும் என்பது அன்றைய அரசு ஆலைகளின் பழக்கம். அந்தப் பழக்கம் எங்கே போனது என்பதைக் கடைசியில் பேசுவோம்.

பாடியில் டி.வி.எஸ். குடும்பத்து நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா. நான்கும் 1960-களின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக் என்று வண்டிக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஊரில். காமராஜர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை திறந்து பார்த்துவிட்டார்கள்; சரியாக வந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்க ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் வேண்டும் என்ற கணக்கில் 1960-களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை பிறந்தது.

ஒரு பாகம் போகும் வழி

எஸ்டேட் என்றால் என்ன என்பது வெளியில் இருந்து பார்த்தால் புரியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, துருப்பிடித்த கேட், உள்ளே இரைச்சல். அவ்வளவுதான் தெரியும். ஒரு பிரேக் பாகத்தின் பின்னால் நடந்து போனால் புரியும்.

வார்ப்பு முடிந்து கரடுமுரடாக வரும் துண்டை முதலில் ஒரு லேத் பட்டறை கடைசல் பிடிக்கும். துளை போடுவதும் மில்லிங்கும் இரண்டு தெரு தள்ளி இன்னொரு பட்டறையில். அங்கிருந்து ஹீட் ட்ரீட்மென்டுக்குப் போகும். சூட்டில் உரமேறி வருவது லேசாகக் கோணியிருக்கும் என்பதால் கிரைண்டிங் பார்ப்பவரிடம் போகும். பிறகு துருப்பிடிக்காமல் இருக்கப் பிளேட்டிங். கடைசியில் அளவு பார்த்து, எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கூடையில் அடுக்கிப் பாடிக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தனி முதலாளி, ஐந்தோ பத்தோ ஆட்கள். முன்பு மீன்பாடி வண்டியில் போன கூடைகள் இப்போது குட்டியானையில் போகின்றன. எல்லாமே இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்.

இந்தச் சங்கிலிக்கு ‘ஜாப் ஒர்க்’ என்று பெயர். பெயர் சாதாரணமாக இருக்கிறது. வேலை சாதாரணமல்ல. ஒரு தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு பிசகினாலும் பாகம் ரிஜக்ஷன் ஆகிவிடும். கையால் தடவிப் பார்த்தே கடைசலின் நேர்த்தியைச் சொல்லிவிடும் டர்னர்களை வளர்த்தது இந்த எஸ்டேட். 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாக வாங்கியது. அந்தக் கம்பெனியின் பெயரோடு, வெளியே பெயர் தெரியாத பட்டறைக்காரர்களின் கைகளையும் சேர்த்து நினைப்பதுதான் நியாயம்.

அந்தப் பட்டறைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் ஷாப் ஃப்ளோரில் இருந்துதான். ஐ.டி.ஐ. படித்து, பெரிய கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, பதினைந்து இருபது ஆண்டுகள் மெஷினில் நின்றவர் பி.எஃப். பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு ஒரு பழைய லேத் வாங்குவார். தன் பழைய கம்பெனியிடமே ஆர்டர் கேட்பார். மேஸ்திரி முதலாளியானார், கூலிக்காரரின் பிள்ளை என்ஜினியரானார். வட ஆற்காட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து கொரட்டூரிலும் மேனாம்பேட்டிலும் கள்ளிக்குப்பத்திலும் அரை கிரவுண்டு வாங்கிக் குடியேறியவர்களுக்கு எஸ்டேட் ஓர் ஏணியாக இருந்தது. பெண்களுக்கு, ‘எக்ஸ்போர்ட்டுக்குப் போறேன்’ என்று சொல்லிக்கொண்டு போகும் ஆடைத் தொழிற்சாலைகள். பட்டரைவாக்கம் ரயில் நிலையத்தில் காலை வண்டி நின்றதும் பிளாட்பாரத்தை நிறைக்கும் கூட்டத்தில் அவர்கள் கணிசமானவர்கள்.

ஆள் பெருகியது

2001-லிருந்து 2011-க்குள் பழைய எல்லைக்குட்பட்ட சென்னையின் மக்கள்தொகை 7 சதவீதம்தான் வளர்ந்தது. அதே பத்தாண்டில் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதம், காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம். சென்னை வளரவில்லை என்பதல்ல, சென்னை வெளியே போய் வளர்ந்தது என்பதே இதன் பொருள். அம்பத்தூரில் மட்டும் 2001-ல் மூன்று லட்சத்தை ஒட்டி இருந்த மக்கள்தொகை 2011-ல் 4.66 லட்சமானது. அந்த ஆண்டே அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. மாநகராட்சியின் பரப்பு 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆயிற்று. 2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள்.

2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2021-ல் எடுத்திருக்க வேண்டியது 2027-க்குப் போய்விட்டது. 2011-ல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை இன்று ஷிப்டுக்குப் போகிறது. இவ்வளவு வேகமாக மாறும் ஒரு பகுதிக்கு எத்தனை பள்ளி, எத்தனை பேருந்து, எவ்வளவு குடிநீர் என்பதை முடிவுசெய்ய அரசின் கையில் இருப்பது அந்தப் பழைய எண்தான். பட்டரைவாக்கத்திலும் எஸ்டேட்டைச் சுற்றிலும் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்கத் தொழிலாளர்கள் அந்த எண்ணில் இல்லவே இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவியபோது, இவர்கள் ஊர் திரும்பிவிட்டால் மெஷினை யார் ஓட்டுவது என்ற பயம் பட்டறைகளில் வந்தது. உழைப்பில் எண்ணப்படுகிறவர்கள் ஊர்க் கணக்கிலும் எண்ணப்பட வேண்டும்.

நிலம் விலையேறியது

ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகக் கழல ஆரம்பித்தது எப்போது என்று ஒரு தேதியைக் குறிக்க முடியாது. டன்லப் ஆலை 1959-ல் வந்தது. இன்று அங்கே டயர் செய்யப்படுவதில்லை. நிறுத்தத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. 2000-களில் எஸ்டேட்டுக்குள் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஐ.டி. நிறுவனங்கள் வந்தன. வேலை வந்ததே, நல்லதுதானே என்றால், ஆமாம், நல்லதுதான். ஆனால் ஒரு கிரவுண்டில் லேத் ஓட்டிக் கிடைப்பதைவிட, அதே கிரவுண்டை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ பல மடங்கு கிடைக்கும் என்ற நிலை வந்துவிட்டால் எந்தப் பட்டறைக்காரரின் மகனும் அடுத்த லேத் வாங்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மற்ற அடிகளும் விழுந்தன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எஸ்டேட் தண்ணீரில் நின்றது. மெஷினின் மோட்டாருக்குள்ளும் கணினிப் பலகைக்குள்ளும் தண்ணீர் புகுந்தால், ஒரு சிறு பட்டறைக்கு அது ஓர் ஆண்டின் லாபம் போனதற்குச் சமம். 2022-ல் மின் கட்டணம் உயர்ந்தது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக்கட்டணத்தை எதிர்த்து 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சிறு தொழில்கள் ஒரு நாள் கதவடைத்தன. சிறு தொழிலுக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தரவேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று பயந்து கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

எஸ்டேட் செய்த தவறுகளையும் சொல்லியாக வேண்டும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. வேலை கொடுத்தோம் என்பதற்காக ஏரியைக் கெடுக்க யாருக்கும் உரிமையில்லை.

வரப்போவது இதைவிடப் பெரிய அடி. மின்சார வாகனத்தில் என்ஜின் இல்லை. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கியர்கள் மிகக் குறைவு. எஸ்டேட்டின் லேத்துகளும் கிரைண்டர்களும் அரை நூற்றாண்டாகக் கடைந்தது பெரும்பாலும் இவற்றைத்தான். பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் வேலை இருக்கும். மற்றவர்கள் புதிதாக எதைச் செய்வது, அதற்கான மெஷினுக்கு யார் கடன் தருவது, ஐம்பது வயது டர்னருக்கு யார் புதிய வேலை கற்றுத்தருவது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடவேண்டிய காலம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

இரண்டாவது ஒரகடம்

பெரிய ஆலைகள் இதற்குள் மேற்கே நகர்ந்துவிட்டன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர். 1955 முதல் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலையைத் திறந்தது. நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் ஒரே இடத்தில் அங்கேதான் கிடைத்தது. நெடுஞ்சாலையும் துறைமுகத்துக்கு வழியும் இருந்தன.

வீடு மட்டும் கிடைக்கவில்லை. முதல் ஒரகடத்தில் ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. இரண்டாவது ஒரகடத்தில் ஆலையைச் சுற்றி மதில்தான் வளர்ந்தது. நிரந்தர வேலை கிடைத்து, கடன் வாங்கி, மனை வாங்கி, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது என்ற வரிசை அங்கே அமையவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சித் தொழிலாளர் என்று ஓராண்டு ஈராண்டுக் கணக்கில் வேலை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். எட்டு ஆண்டு. ஒரு குடும்பம் வேர் பிடிக்க அது போதாது.

2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்ந்ததும், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். உலகம் வாங்கும் ஐபோனைக் கோக்கும் கைகள் எங்கே தூங்குகின்றன, என்ன சாப்பிடுகின்றன என்று அன்றுதான் நாடு கேட்டது. அதன் பிறகு வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. பதின்மூன்று கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர். பெரிய வேலை, பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அது விடுதி. அங்கே தங்கும் பெண்ணுக்குக் கல்யாணமானால் அவள் அங்கே இருக்க முடியாது. பிள்ளை பிறந்தால் வேலையில் தொடர்வதும் கடினம். கைத்திறன் ஐந்து ஆண்டில் ஊரை விட்டுப் போய்விட, அடுத்த ஊரிலிருந்து அடுத்த பெண் வருவாள். இருபது ஆண்டு மெஷினில் நின்று, பிறகு சொந்தமாகப் பட்டறை வைப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கி இதே பகுதியில் 37 நாள் நடந்த சாம்சங் தொழிலாளர் போராட்டத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் நான் பார்க்கிறேன். சங்கம் வைக்கும் உரிமைதான் முதல் கோரிக்கை. அதற்கு அடியில், இந்த இடத்தில் நாங்கள் நிலையாக இருக்கப்போகிறவர்கள் என்ற அறிவிப்பும் இருந்தது.

என்ன செய்யலாம்

வேலையை வீட்டுப் பக்கம் கொண்டுவருவது ஒரு வழி. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது; சுமார் 6,000 பேருக்கு அங்கே வேலை என்பது கணக்கு. ஆவடியிலும் திருநின்றவூரிலும் இருக்கும் பட்டதாரிகள் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்வரும் நேரம் மிச்சமாகும். எஸ்டேட் மனைகள் தொழிலுக்கே என்ற விதியை உறுதியாகக் காப்பாற்றுவதும் இதே வழிதான். வீட்டை வேலைப் பக்கம் கொண்டுபோவது இன்னொரு வழி. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் விடுதிகளோடு குடும்பக் குடியிருப்புகளும் பள்ளிகளும் மகப்பேறு மருத்துவமனையும் வேண்டும். 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக்குச் செய்ததை, அன்றைவிடப் பல மடங்கு வசதியான இன்றைய அரசும் இன்றைய கம்பெனிகளும் சேர்ந்து செய்ய முடியாதா?

இரண்டும் முடியும்வரை, வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு ரயிலாவது வேண்டும். ஆசியாவின் பெரிய வாகனத் தொழில் பகுதிகளில் ஒன்றான ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையம் கிடையாது. ஆவடி, ஸ்ரீபெரும்புதூர், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களை இணைக்கும் 60 கிலோமீட்டர் புதிய பாதை 2013-14 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. ஸ்ரீபெரும்புதூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில்தான் இரண்டாவது ஒரகடம் இருக்கிறது. ஆவடியிலிருந்து ரயிலில் மூன்றாவது நிறுத்தமான அம்பத்தூரில் முதல் ஒரகடம். அறிவிப்புக்குப் பின் பல பட்ஜெட்டுகளில் இந்தப் பாதைக்கு ஒதுக்கப்பட்டது பெயரளவுக்கு ஆயிரம் ரூபாய்.

இந்தப் பகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களும், மாநில அரசும், ரயில்வே அமைச்சகமும் அடுத்த பட்ஜெட்டுக்கு முன் ஒருநாள் அதிகாலை அம்பத்தூரில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் வரை போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.